சாட்சியைக் கவனித்தல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்தோனியார் மேல் ஆணை. நான் அரை ஆயுசு பிடித்த லாரி ஸ்டியரிங் மேல் ஆணை. ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். பல் ஏற்கெனவே கொட்டிவிட்டதே என்று என் வாயைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அது வேறொரு கதைக்காகக் கொட்டியது.

என் பெயர் மரியநாயகம். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லாரி ஓட்டினேன். தேயிலைப் பெட்டிகளை நானுஓயா ஸ்டேஷனில் இறக்குவது வேலை. திரும்பி வரும்போது உரம் ஏற்றுவேன், அரிசி ஏற்றுவேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் பனிமூட்டத்தை ஏற்றிக்கொண்டு வருவேன். எங்கள் மூட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருநாள் பாதை தெரியவில்லையென்று லாரியை நிறுத்தி இறங்கினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு லாரி கிளம்பிப் போனது. அரை மைல் போனபிறகுதான் ஓட்டுகிறவன் உள்ளே இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.

இந்தக் கதையை அடிக்கடி கேட்டவள் ஜோசப்பின். சனிக்கிழமைகளில் ரயிலிலிருந்து இறங்கி, லாரியின் முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வேலையாக, "மாமா, ஒரு பொய் சொல்லுங்க" என்பாள்.

"பொய்யா? எனக்கு எங்க பாப்பா தெரியும்" என்பேன். பிறகு சொல்லுவேன்.

கொழுந்து பறிக்கிற தெரேசாக்காவின் ஒரே மகள் அவள். நுவரெலியாவில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் படிக்க வைத்தார்கள். அவர்களே கொழும்பில் யுனிவர்சிட்டிக்கும் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து யுனிவர்சிட்டிக்குள் போனவை இரண்டுதான். ஒன்று எங்கள் தேயிலை. மற்றது ஜோசப்பின். தேயிலையை அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அறுபத்துநான்காம் வருஷம். செடிகொடிப் படிப்பில் கடைசி வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். காட்டினால் ஸ்பெஷல் டிகிரி. ஸ்பெஷல் டிகிரி இருந்தால் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. இல்லாவிட்டால் சிஸ்டர்மாரின் உதவி அந்த வருஷத்தோடு சரி. இதையெல்லாம் அவள் சொன்னது என்னிடம்தான். யுனிவர்சிட்டியில் அவளுக்குப் பேச ஆளில்லை.

"அங்க ஒரு புரொபசர் இருக்காருன்னு சொன்னியே?"

"இருக்காரு மாமா. அவருதான் எனக்குப் பொறுப்பு. வராந்தாவுல நடந்துக்கிட்டே, கொப்புள நோயப் பத்திப் போய்ப் பாருன்னாரு. எப்பிடிப் பார்க்கணும் சார்னு கேட்டேன். பார்க்கத் தெரியாதவங்க எதுக்கு சயன்ஸுக்கு வர்றாங்கன்னு கேட்டாரு. வராந்தா முடிஞ்சிருச்சு."

கொப்புள நோய் என்பது தேயிலைக்கு வருகிற அம்மை. மழையும் மூட்டமும் தொடர்ந்தால் இளங்கொழுந்தில் கொப்புளம் போடும். அதற்குச் செம்பு மருந்து அடிப்பார்கள், வாரா வாரம். எங்கள் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன் அழகுமுத்து. அவன் கை நீலம், கால் நீலம். ஆற்றில் குளித்தால் கீழே வட்டகொடைவரை மீனெல்லாம் நீலமாகப் போகும். அவனுக்குக் குழந்தை பிறந்தபோது மருத்துவச்சி முதலில் நிறத்தைத்தான் பார்த்தாள்.

ஜோசப்பின் எதையும் சும்மா பார்க்கிற பிள்ளையில்லை. ஒருநாள் ஏற்றத்தில் லாரி முக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "மாமா, வாரா வாரம் அடிக்கணும்னு இல்ல. வெயில் மொகமே காட்டாத நாள் தொடர்ந்து வந்தா மட்டும் அடிச்சாப் போதும்னு நெனைக்கிறேன். பாதி மருந்து மிச்சம். அழகுமுத்தண்ணன் பழைய நிறத்துக்கு வந்துருவாரு."

"அவன் பழைய நிறத்த அவன் பொஞ்சாதியே மறந்திருப்பா."

தோட்டத்துத் துரையிடம் தானே போய் நின்று, ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில் மூன்று வரிசைச் செடிகளை வாங்கினாள். மழை முடிந்து அந்த மலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டும்வரை அவை அவளுடையவை. முதல் வரிசைக்கு வழக்கப்படி வாரா வாரம் மருந்து. இரண்டாவதற்கு அவள் சொல்கிற நாளில் மட்டும். மூன்றாவதற்கு ஒன்றுமே கிடையாது. அதில் நோய் வரவேண்டும், நன்றாக வரவேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் மருந்தால் பிழைத்தன என்று சொல்லமுடியும்.

இந்த மூன்றாவது வரிசைக்கு யுனிவர்சிட்டியில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே யாரும் லயத்துக்கு எதையும் கொண்டுவந்ததில்லை. அவளே ஒரு சொல் கண்டுபிடித்தாள். வாரநாளெல்லாம் அவள் யுனிவர்சிட்டியில் இருக்க வேண்டியவள். அதனால் திங்கட்கிழமை விடியலில் லாரியில் ஏறுமுன் தாயைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அம்மா, மூணாவது வரிசை இருக்குல்ல, அதுதான் எனக்குச் சாட்சி. அது சொல்றத வச்சுத்தான் எனக்குப் பாஸா பெயிலான்னு தெரியும். அழகுமுத்தண்ணன் மருந்துத் தண்ணி அதுல படக்கூடாது. நான் இல்லாத நாள்ல அந்தச் சாட்சியக் கொஞ்சம் கவனிச்சுக்கம்மா."

"கவனிச்சுக்கிறேன் புள்ள. நீ போயிட்டு வா" என்றாள் தெரேசாக்கா.

மகள் சொன்னது, பார்த்துக்கொண்டிரு என்று. தாய் காதில் விழுந்தது வேறு. ஏன் என்று சொல்கிறேன்.

தெரேசாக்காவின் புருஷன் சவரிமுத்து மேல், தோட்டத்து விறகை விற்றான் என்று ஒரு பழி வந்தது. விசாரணை வைத்தார்கள். சவரிமுத்துவுக்கு ஒரே சாட்சி சின்னத்தம்பி. அவன் காய்ச்சலோடு, வெறும் வயிற்றோடு, மழையில் நனைந்து வந்து நின்றான். கேட்டதற்கெல்லாம் பல் கிடுகிடுத்தது. நீ பயப்படுகிறாய், பொய் சொல்கிறாய் என்று அனுப்பிவிட்டார்கள். சவரிமுத்துவுக்கு வேலை போனது. அடுத்த மழைக்கு அவனும் போனான். அன்றிலிருந்து தெரேசாக்காவுக்கு ஒரு பேச்சு உண்டு: "ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுத்திருந்தா சாட்சி நிமிந்து நின்னிருப்பான். நோஞ்சான் சாட்சிய எவன் நம்புவான்?"

அந்த மழைக்காலம் நல்ல மழைக்காலம். அதாவது கெட்டது. வெயிலைப் பார்க்கத் தோட்டத்து ஆள்கள் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார்கள். அங்கேயும் இல்லையென்று திரும்பினார்கள். நான் லாரியின் முன்விளக்கில் துணி காயப்போட்டேன். சுற்றியிருந்த மலையெல்லாம் கொப்புளம். ஜோசப்பினின் முதல் வரிசை பச்சை. இரண்டாவது பச்சை. அவள் நினைத்தது சரியாகத்தான் வந்தது. ஆனால் மூன்றாவதும் பச்சை.

ஒரு சனிக்கிழமை அவள் பொய் கேட்கவில்லை.

"சாட்சிக்கு நோய் வரல மாமா."

"நல்லதுதானே?"

"இல்ல மாமா. மூணும் ஒன்னா நின்னா, நோயே வரலைன்னுதான் அர்த்தம். நான் ஒன்னுமே காட்டலைன்னு அர்த்தம்."

யுனிவர்சிட்டியில் செய்முறை வகுப்பு நடத்துகிறவரிடம் போனாளாம். திரும்ப எண்ணிப் பார் என்றாராம். திரும்ப எண்ணினாள். புரொபசரிடம் போனாள். ஒன்று உனக்கு எண்ணத் தெரியவில்லை, இல்லாவிட்டால் நோய்க்கு எண்ணத் தெரியவில்லை என்றாராம். கூட நின்றவர்கள் சிரித்தார்களாம்.

"சார், ஒரு தடவ வந்து பாருங்கன்னு கேட்டேன் மாமா. வர்றேன்னாரு."

அவர் வருகிறார் என்று தோட்டம் இரண்டு தரம் தயாரானது. முதல் தரம், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பாதையோரப் புல்லை வெட்டவைத்தார். நான் முன்சீட்டைக் கழுவினேன். ரயில் வந்தது, போனது. அவருக்கு ஏதோ கூட்டம். இரண்டாம் தரம் கண்டாக்கையா புல்லை வெட்டவில்லை. நான் மட்டும் சீட்டைக் கழுவினேன். அவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகியதாம். மூன்றாம் தரம், கவ்வாத்துக்கு முந்திய சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன், செடியை என் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாராம்.

அவர் வருவதாக இருந்த வாரம் ஜோசப்பின் வெள்ளிக்கிழமையே இரவு ரயிலில் ஏறிவிட்டாள், புரொபசர் வருமுன் செடியடியைத் துப்புரவாக்கலாம் என்று. விடியலில் ஸ்டேஷனில் அவளை ஏற்றிக்கொண்டு நேரே ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். ஆள்களை வேலைக்குக் கூட்டுகிற பெரட்டுத் தப்பு இன்னும் அடிக்கவில்லை. லாரியை நிறுத்திவிட்டு இருவரும் மேலே ஏறினோம்.

மூட்டத்துக்குள் யாரோ பேசுகிற சத்தம்.

மூன்றாவது வரிசையில் தெரேசாக்கா குனிந்து நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை மடித்துப் பை மாதிரி பிடித்திருந்தாள். ஒவ்வொரு செடியாக விரலால் விலக்கி, கொப்புளம் போட்ட இலையைக் கிள்ளி அந்தச் சாக்குக்குள் போட்டாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல். ஒரு கொப்புளம் தப்பவில்லை. கிள்ளிக் கிள்ளிச் செடியோடு பேசினாள்:

"நல்லா நிமிந்து நில்லு. குளுருதா? குளுரட்டும். கேட்டா தெம்பா சொல்லணும். எம் புருசன் சாட்சி மாதிரி பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது. எம் புள்ள உன்னத்தான் நம்பியிருக்கா."

செடியின் அடியில் அந்தோனியார் கோயில் தீர்த்தப் போத்தல். பக்கத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கோப்பை பிளேன்டீ. ஆறிப்போய், மேலே மழைத்தண்ணீர் விழுந்து நிறைந்திருந்தது.

அன்றைக்கு மட்டும் இல்லை, எல்லா விடியலும் வந்திருக்கிறாள்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். ஜோசப்பின் என் சட்டைக் கையைப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு என்னைக் கீழே இறக்கினாள். லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு மடியிலிருந்த பையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்படி அழுததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சவரிமுத்துவின் சாவுக்கும் அவள் அப்படி அழவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க மாமா" என்றாள். "அவங்க சாகுற வரைக்கும் தெரியக்கூடாது. நான்தான் அந்தச் சொல்லச் சொன்னேன். எப்பிடிச் சொல்லணும்னு எனக்கு யாரும்..." என்று நிறுத்தினாள்.

"இப்ப என்னா செய்யலாம் பாப்பா?"

"புரொபசர் வந்தாச் சரியாயிரும். உள்ளத உள்ளபடி சொல்லிருவேன். அவரு துரைகிட்ட ஒரு வார்த்த கேட்டா, மேல்மலையில வேற மூணு வரிசை குடுப்பாங்க. அங்க இன்னும் மழை இருக்கு. அவரு வரலைன்னா, திங்கக்கிழம இத வெட்டிருவாங்க. அதோட முடிஞ்சுது."

கண்ணைத் துடைத்தாள். "மாமா, ஒரு பொய் சொல்லுங்க" என்றாள்.

நான் லாரியைக் கிளப்பினேன்.

ஒன்பது மணி ரயிலுக்கு நானுஓயாவுக்குத் திரும்பினோம். ரயில் வந்தது. முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து புரொபசர் இறங்கினார்.

உயரமான மனிதர். தொப்பி, கறுப்புக் குடை, வெள்ளைச் சப்பாத்து. அவர் இறங்கியதும் மூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் பாதை விட்டது. இங்கிலீஷில்தான் பேசினார், ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கியது. லாரியின் முன்சீட்டைப் பார்த்து, கழுவியிருக்கிறீர்களே, நன்றி என்றார். போகிற வழியெல்லாம் ஜோசப்பினிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். இடையில் பேசவில்லை. வராந்தாவில் நடக்கிறவர் மாதிரியே இல்லை.

ஏழாம் நம்பர் மலையில் வெள்ளைச் சப்பாத்தோடு சேற்றில் இறங்கினார். ஓர் அட்டை அவர் காலில் ஏறி ஒரு வாய் குடித்தது. குடித்ததும் இறங்கி மற்ற அட்டைகளைக் கூட்டி வைத்துப் பேசத் தொடங்கியது. அவை ஒன்றும் விளங்காமல் கலைந்து போயின. அவர் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கிள்ளிய காம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"யார் செய்தது?"

ஜோசப்பின் சொன்னாள். விறகுப் பழியை, சின்னத்தம்பியின் காய்ச்சலை, பிளேன்டீயை, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் எழும்பாமலே சொன்னார்: "இது உன் பிழை இல்லை. முதல் மழைக்கே நான் இங்கே வந்து நின்றிருக்க வேண்டும். இந்த ஜனங்களைக் கூட்டி, இந்த வரிசையை ஏன் வாட விடுகிறோம் என்று சொல்ல உன்னைப் பழக்கியிருக்க வேண்டும். யாரும் அறியாமல் இன்னொரு சாட்சியை வேறிடத்தில் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டாய். நான் நடந்துகொண்டிருந்தேன்."

"எல்லாம் கெட்டுப்போச்சே சார்" என்றாள் அவள்.

"கெட்டதையும் நடந்தபடி எழுதினால் அது கெட்டதில்லை. எழுது. நான் கூட உட்காருகிறேன்."

பிறகு, "அந்த அம்மா எங்கே?" என்று கேட்டார். அதற்குள் பெரட்டுக் கலைந்து, பெண்களெல்லாம் மேல்மலையில் கொழுந்துக்கு நின்றார்கள். இங்கிருந்து பார்த்தால் பச்சையில் சிந்திய அரிசி மாதிரி. அதில் எது தெரேசாக்கா என்று எனக்கே தெரியாது. புரொபசர் அந்தப் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் மழையில் தலை நனைய நின்றார். போகும்போது துரையின் பங்களாவில் இறங்கி, மேல்மலையில் மூன்று வரிசை கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தெரேசாக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"எக்கா, புரொபசர் வந்துட்டுப் போயிட்டாரு."

"அய்யய்யோ, எப்ப? நான் பார்க்கலியே!"

"நீங்க மேல்மலையில நின்னீங்க. மழையில தெரியல."

கூடையை இறக்கி வைத்தாள். "சாட்சி என்னாடா தம்பி சொல்லிச்சு?"

"நிமிந்து நின்னு சொல்லிச்சு. பல்லுக்கூட ஆடல. இத யாரு இப்பிடிக் கவனிச்சதுன்னு கேட்டாரு. உங்க மலைப் பக்கம் திரும்பித் தொப்பியக் கழட்டினாரு."

"போடா, பொய்க்காரப் பயலே."

"அந்தோனியார் சத்தியமா."

தலையில் போட்டிருந்த கம்பளித் துணியால் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் வெளியே தெரிந்தது. "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா எம் மனுசனக் காப்பாத்தியிருப்பேன்" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். "அவருக்கு ஒரு பிளேன்டீயாச்சும் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"சீனி போட்டா?"

"சீனி போட்டு."

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள். கத்தி மூன்று வரிசையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தது. ஜோசப்பின் பாதையோரம் நின்று முடியும்வரை பார்த்துவிட்டு, மத்தியானம் என் லாரியில் ஏறினாள். ஸ்டேஷனில் இறங்கும்போது, "அம்மாகிட்ட நல்லாச் சொன்னீங்க மாமா" என்றாள்.

அதன்பிறகு அவள் கொழும்பிலேயே தங்கிவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. ஒரு கிறிஸ்மஸுக்குப் போட்டோ அனுப்பியிருந்தாள்: வெள்ளைக் கோட்டு, பின்னால் அலமாரி நிறையப் போத்தல்கள். அதைப் பார்க்க லயமே கூடியது. கோட்டுப் பைக்கு மேல் இங்கிலீஷில் ஏதோ மருந்துக்கடையின் பெயர் தைத்திருந்தது. தெரேசாக்கா என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நான் வாசித்தது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்ணை மூடும்வரை வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, புரொபசர் தொப்பியைக் கழற்றிய கதையைச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

அந்தப் புரொபசர் கந்தப்பளைக்கு ஒருநாளும் வந்ததில்லை.